நீராவிக் கதவு

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோரே! பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்த பாசமிகு தாய்மார்களே! எலியட்டின் எளிய வணக்கம்.

பொறியாளர் மோகனாவைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். எதற்காக? ஒரு சொல்லுக்காக! ஒரே ஒரு சொல்லுக்காக!

நான் வேலை செய்யும் செம்பனை எண்ணெய் ஆலையில், பழக்குலைகளை நீராவியில் அவிக்கும் பெரிய கலன் உண்டு. அதன் இயக்கத்தைக் கணினியில் வரைய மோகனா தனியாக ஒரு மாதிரியாக்க மொழியை உருவாக்கினார். அதில் வரைந்தபடிதான் கலன் இயங்கும். அந்த மொழியில் 'கதவு' என்று எழுதினார். திறக்கும், மூடும். அவ்வளவுதான்.

கலனை இயக்கும் சேது திரையைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன மிஸ், வீட்டுக் கதவு மாதிரி இருக்கு லா. உள்ள ஸ்டீம் இருந்தா இது தொறக்கவே கூடாது."

"அத நீங்க பாத்துக்க மாட்டீங்களா, சேது?"

"அசதியில மறந்துட்டா? ஆளு வெந்துருவான் மிஸ்."

மோகனா வீம்பு பிடிக்கவில்லை. ஆறு வாரம் எழுதியதை அழித்தார். 'நீராவிக் கதவு' என்று எழுதினார். பெயரை மாற்றியதோடு நின்றாரா? இல்லை! உள்ளே அழுத்தம் உள்ளவரை திறவாது என்ற விதியை அச்சொல்லின் பொருளாகவே பொருத்தினார்.

அன்பர்களே, ஒரு துறையில் புழங்கும் சொல்லெல்லாம் அந்தத் துறைக்கே உரிய கருத்தாகிவிடுமா? ஆகாது! அச்சொல் தொழிலின் விதியைத் தன்னுள் தாங்க வேண்டும். விதியை உருவி எடுத்தால் அது பொருளற்ற வெறுங்கூடு ஆகிவிட வேண்டும். வீட்டுக் கதவுக்கு இந்த விதி வேண்டுமா? அதோ, பின்வரிசை அண்ணன் "வேணாம் லா" என்கிறார். சரியாகச் சொன்னீர்கள் அண்ணே! ஆலைக் கதவுக்கு இல்லாவிட்டால்?

சென்ற ஜனவரியில், இரட்டை ஷிப்ட் பார்த்துக் களைத்த ஒருவன், வேலை முடிந்ததென்று எண்ணித் திறக்கும் பொத்தானை அழுத்தினான். கதவு அசையவில்லை. திட்டிக்கொண்டே மீண்டும் அழுத்தினான். அசையவில்லை! மீட்டரைப் பார்த்தான். உள்ளே நீராவி நிறைந்திருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் வேறு யாருமல்ல, நான்தான்! என் மனைவி சூசன் அங்கே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பாருங்கள்.

மறுநாள் மோகனாவிடம் நன்றி சொல்லப் போனேன். "எனக்கில்ல எலியட், சேதுகிட்ட சொல்லுங்க" என்றார். சேதுவிடம் ஓடினேன். "நான் வாயாலதான் சொன்னேன். மிஸ்தான் காது குடுத்துக் கேட்டாங்க லா" என்றார்.

சொன்னவர் வாழ்க! செவிமடுத்தவர் வாழ்க! உழைப்பவன் அஞ்சும் இடத்தை அறியாமல் அவன் தொழிலுக்கு மொழி எழுத முடியாது என்று உரைத்து, உயிரோடு நின்று நன்றி கூறும் பேறு பெற்றவனாய், உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்கி அமர்கிறேன்.