பின்னால ரூம் தரை

ஹலோ… ஹலோ… ஆங், கேக்குதுடா தம்பி… இல்ல, நீ பேசாத, நான் பேசுறேன். மெதுவாத்தான் பேசுவேன். அப்பா பின்னால ரூம்ல இருக்கார்…

ஆமா, ஆமா, போயிட்டு வந்துட்டேன். வம்சாவளி எழுதுறேன்னு நீ ஏசி ரூம்ல உக்காந்து சொல்லிட்ட, வெயில்ல அலையிறது யாரு?… சரி, சரி, எழுதிக்கோ. அம்மாவைப் பெத்தவர் வண்டி ஓட்டினவர். அவரோட அப்பா மாட்டு வைத்தியர். அவசரத்துக்கு மனுஷங்களும் வருவாங்களாம்… சிரிக்காதடா. அப்பா வழியில மூத்தவங்க எல்லாருமே கிணறு வெட்டுறவங்க…

ம்… அவரைப் பத்தியும்தான் விசாரிச்சேன். அப்பாவைப் பெத்த தாத்தாவை…

'ஓடிப்போனவர்'னு எழுதிட்டியா? அதை அடிச்சிடு… அடிச்சிடுன்னா அடிச்சிடேன்டா… அழலை. சளி.

கிணத்துல அவருக்குக் கயிறு இழுத்தவரோட மகனைப் பார்த்தேன், மாவு மில்லுல. 'நீ கிணத்துக்காரர் பேத்திதானே, எங்கப்பா சாகும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போனார், நெஞ்சுலயே நிக்குதும்மா'ன்னார்…

தாத்தா எந்த ரயிலும் ஏறலைடா. கிணறு சரிஞ்சிடுச்சு. மழை விட்ட மறுநாள். சுத்துச் சுவருக்குக் கல் கட்டாம இறங்க மாட்டேன்னாராம். நிலத்துக்காரர்தான் விரட்டி இறக்கியிருக்கார்… மேல நின்னவர் கையில கயிறு மட்டும் மிஞ்சிச்சாம்…

எடுக்கலை. எடுத்தா போலீஸு வருமே. மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க. கயிறு இழுத்தவரை மிரட்டி அவர் வாயையும் மூடிட்டாங்க…

அப்போ ரயிலடியில கிடந்த செருப்பா? அதைத்தான்டா சொல்ல வர்றேன். இறங்கும்போது ஓரத்துல கழட்டி வச்சிட்டுத்தானே இறங்குவாங்க. அந்த ஜோடியை எடுத்துட்டுப்போய் ரயிலடியில போட்டிருக்காங்க… ஆமா. 'எவளோடவோ ரயிலேறிட்டான், புதுப் பொண்டாட்டி, புதுச் செருப்பு'ன்னு ஊரே சிரிச்சுதே… நம்ம ஆளுங்களுக்கு எங்கடா போச்சு புத்தி? கிணறு வெட்டுற குடும்பத்துல செருப்பு தனியாக் கிடந்தா ஆள் உள்ள இருக்கான்னுதானே அர்த்தம்? ஒருத்தருக்கும் தோணலையே. ரயில் போற ஊரெல்லாம் தேடினாங்க…

கத்துறேனா? சரி… சரி, மெதுவா.

இருடா, இன்னும் முடியலை. நீ உக்காந்துக்கோ… அப்பாவோட அம்மாவுக்கு நிலத்துக்காரர் இரக்கப்பட்டு வீட்டுக்கு இடம் கொடுத்தார்னு சொல்வாங்கல்ல?… ம்… அதே இடம்தான். வேற யாராவது வாங்கித் தோண்டிடுவாங்கன்னு பயமாம். அது தெரியாம அந்தப் பொம்பளை அவர் கால்ல விழுந்து கும்பிட்டுச்சாம், பாவம்.

பின்னால ரூம் தரை ஏன் வருஷா வருஷம் உள்வாங்குதுன்னு இப்பப் புரியுதா? மூடின கிணறு அப்படித்தான், இறங்கிக்கிட்டே இருக்கும்… போனைத் தள்ளிப் பிடிக்கிறேன், கேளு… டொம்மு டொம்முன்னு கேக்குதா? அப்பாதான். இந்த மழைக்கும் இறங்கிடுச்சு. கூடை கூடையா மண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால இடிக்கிறார். 'பெத்தவனும் நிக்கலை, அவனால வந்த தரையும் நிக்கலை'ன்னு அதே பாட்டு. பெத்தவர் தலைமேலயே…

சொல்லாம இருன்னா எப்படி?… வயசாச்சு, நெஞ்சு தாங்காது, எல்லாம் சரி. சின்னப் பிள்ளையில ரயில் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவாராம்டா. இன்னைக்கும் ரயில் வந்தா பேச்சை நிறுத்திட்டு, அது போனப்புறம்தான் பேசுறார், நீ கவனிச்சதில்ல? பெத்தவரை வெறுத்துக்கிட்டே போய்ச் சேரச் சொல்றியா?…

ம்… சரி… சரிடா, சொல்லலை. நீ வர்ற வரைக்கும் வாயைத் திறக்கலை, போதுமா?…

இரு… இல்ல, லைன் இருக்கு. இடிக்கிற சத்தம் நின்னுடுச்சு…

அப்பா?… ஒண்ணுமில்லப்பா, தம்பிதான்… எவ்வளவு நேரமாப்பா நிக்கிறீங்க?… யார் தலையும் இல்லப்பா, சும்மா பேசிட்டு… அப்பா, உக்காருங்க… முதல்ல உக்காருங்களேன்…

ரயில் ஏறலைப்பா… கிணறு சரிஞ்சிடுச்சாம்… எவளும் இல்லப்பா. எங்கயும் போகலை. இங்கதான்… ம்… ஆமாப்பா. அந்த ரூம்தான்…

டேய்… இருக்கேன்… சொல்லிட்டேன்டா. எப்படிச் சொல்லாம இருக்க முடியும், கண்ணைப் பார்த்துக் கேக்குறார்… இல்ல, அழலை. கட்டையைச் சுவத்துல சாய்ச்சு வச்சிட்டுப் போறார்… அந்த ரூமுக்குத்தான்… நிலைப்படியில நின்னுட்டார்…

செருப்பைக் கழட்டுறார்டா… ஜோடியா, ஓரமா வைக்கிறார்… உள்ள போயிட்டார். குனியுறார்… தரையில படுத்துட்டார்டா தம்பி. கன்னத்தை அந்த மண்ணுல வச்சு… என்னமோ கேக்குறார்…

'சாப்பிட்டீங்களாப்பா'ன்னு கேக்குறார்டா…

வை… நீ வச்சிடு. நான் போய்ப் பக்கத்துல உக்காந்துக்கிறேன்.