தோரணவாசலுக்கு இந்தப் பக்கம்

— ஏன்டா அங்கேயே நிக்கிறே? உள்ள வா. பனியில காலு விறைச்சுப் போகும்.

— பரவாயில்லை. இங்கேயே நிக்கிறேன்.

— இந்தா பாரு தொமே, நேத்து உன் வீட்டுல குடிச்ச சாக்கே இன்னும் என் தலைக்குள்ள மத்தளம் கொட்டுது. இவ்வளவு தூரத்துலேருந்து கத்திப் பேச எனக்குத் தெம்பு இல்லை. கோயில் தோரணவாசலைத் தாண்டி நாலு எட்டு வெச்சா அடுப்பு இருக்கு, சூடா டீ இருக்கு.

— நான் தாண்டக்கூடாது, பூசாரி ஐயா.

— என்னது, ஐயாவா? ஒண்ணாங்கிளாஸ்ல என் பக்கத்துல மூக்கை ஒழுக விட்டுட்டு உக்காந்திருந்தவன் இன்னிக்கு என்னை ஐயாங்கிறான்! ‘ஷுன்’னு கூப்பிடுடா. திருவிழா முடிஞ்சாச்சு. ஒரு வருஷம் உன் வீட்டுல இருந்த சாமியைக் கொண்டுபோய் அடுத்த முறைக்காரன் கிசாபுரோ வீட்டுல எறக்கியாச்சு. இனிமே நீயும் முறைக்காரன் இல்லை, நானும் இன்னிக்கு ஒரு நாள் பூசாரி இல்லை. துடைப்பம் பிடிச்ச ஆளு, அவ்வளவுதான்.

— ஷுன்... துடைப்பத்தைக் கீழே வெச்சுட்டு இங்க வா. நீ வரலாம். நான்தான் வரக்கூடாது.

— சரி, வந்துட்டேன். சொல்லித் தொலை. மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? ராத்திரி தூங்கலையா? நேத்து என்னமா நடந்தே தெரியுமா! வெள்ளை உடுப்பு, கையில சாமிப் பெட்டி, மூச்சுக்காத்து சாமிமேல படக்கூடாதுன்னு வாயில கவ்வின காகிதம்... கிழவங்களே கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. உங்கப்பா பார்த்திருக்கணும்.

— அந்தக் காகிதத்துக்கு நான் கும்பிடு போடணும். அது வாயில இல்லேன்னா நடுத்தெருவுலயே கத்தியிருப்பேன்.

— என்ன கத்தியிருப்பே?

— தப்பா நினைக்காதே. கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொல்ல வரும்.

— யாருடா போயிட்டாங்க?

— உனக்கு எப்படித் தெரியும்?

— தோரணவாசலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் நின்னா, அவன் வீட்டுல சாவுன்னு அர்த்தம். இது தெரியாமலா நான் முப்பது வருஷமா இங்க மணி அடிக்கிறேன்? யாரு? அம்மாவா?

— அம்மாதான்.

— அட கடவுளே! நல்ல மனுஷி. என்னைப் பார்த்தா ஊறுகாய் இல்லாம அனுப்ப மாட்டாங்களே. ராத்திரி போயிட்டாங்களா? இந்தா பாரு, அழாதே. எண்பத்தாறு வயசு. உன் முறை நல்லபடியா முடியறதைப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடியிருக்காங்க. திருவிழா முடியட்டும்னு காத்திருந்திருக்காங்க பாரேன்!

— காத்திருக்கலை, ஷுன்.

— என்ன?

— நேத்து விடியக்காலை. அரிசி ஊறின பானையை எடுக்கப் போனேன். போற வழியில அம்மா அறையை எட்டிப் பார்த்தேன். நெத்தியைத் தொட்டா ஐஸ் மாதிரி இருந்துது. மூக்குகிட்ட கையை வெச்சேன். ஒண்ணும் இல்லை.

— நேத்து விடியக்காலையா? சாமி உன் வீட்டுல இருக்கும்போதா?

— ஆமா.

— அப்புறம்தான் அரிசியை வேக வெச்சு மோச்சி இடிச்சியா?

— ஆமா.

— அந்த மோச்சிப் பிரசாதத்தைத்தான் முப்பத்தெட்டு வீட்டுக்கும் வெட்டிக் குடுத்தோமா? நான் என் கையால பங்கு போட்டேனே! கிசாபுரோ மருமக ஏழு மாசம். அவளுக்குப் பெரிய துண்டாப் பார்த்து வெச்சேன்டா, குழந்தைக்கு நல்லதுன்னு!

— தெரியும். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— பார்த்துக்கிட்டு இருந்தானாம்! எட்டிப் பிடுங்கியிருக்க வேண்டாமா? மனுஷனாடா நீ?

— திட்டு. திட்டத்தான் வந்திருக்கேன். இன்னும் நல்லாத் திட்டு.

— திட்டி என்ன ஆகப் போகுது? சாவு விழுந்த வீட்டுல ஒரு ராத்திரி சாமி தங்கினாலே தீட்டு. நீ பொணத்தை உள்ள வெச்சுக்கிட்டு, அதே கையால சாமியைத் தூக்கி, ஊர்வலமா நடந்து, இன்னொருத்தன் வீட்டுல கொண்டுபோய் எறக்கியிருக்கே. ஏன்டா? வாசல்ல நின்ன யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முறை கிசாபுரோவுக்குப் போயிருக்கும். அவ்வளவுதானே?

— அவ்வளவுதானா? உனக்கு அவ்வளவுதான். எங்கப்பாவுக்கு முறை வந்த வருஷம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? திருவிழாவுக்கு மூணு நாள் முன்னாடி தாத்தா போயிட்டார். சாமியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. சாமி இருக்கிற வீடுன்னு எங்க வாசல்ல கட்டியிருந்த வைக்கோல் கயித்தை அறுத்தாங்க பாரு, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் அப்பா எந்தக் கூட்டத்துலயும் முன்வரிசையில உக்காரலை. முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு அடுத்த முறை. அதுக்குள்ள அவரும் போயிட்டார்.

— தெரியும்டா.

— அம்மா ஒரு வருஷமா இதே பேச்சுதான். ‘என் பிள்ளை தூக்குவான், என் பிள்ளை தூக்குவான்.’ கண்ணு சரியாத் தெரியாத மனுஷி, அந்த வெள்ளை உடுப்பைத் தடவித் தடவித் தைச்சாங்க. நெத்தி ஜில்லுனு இருக்கு, நான் நிக்கிறேன், வெளியில உலக்கையோட ஆளுங்க வந்து ‘தொமே, எழுந்தாச்சா?’ன்னு கூப்பிடறாங்க. என் வாயிலேருந்து என்ன வந்துது தெரியுமா? ‘வரேன், வரேன்!’னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். சிரிச்சேன்டா. அதை நினைச்சா இந்தப் பனிக்குள்ளயே பொதைஞ்சுடலாம்போல இருக்கு.

— டாக்டரைக்கூடக் கூப்பிடலையா?

— கிதானி டாக்டரோட ஓட்டைச் சைக்கிள் எங்க வாசல்ல நின்னா, அஞ்சு நிமிஷத்துல ஊருக்கே தெரிஞ்சுடும்.

— ஹத்சுயோவுக்காவது தெரியுமா?

— அவகிட்டயும் மறைச்சேன். மதியம் கஞ்சி எடுத்துட்டுப் போனா. கதவுக்கு முன்னாடி போய் நின்னு, ‘இப்பத்தான் தூங்கறாங்க, எழுப்பாதே’ன்னு திருப்பி அனுப்பிட்டேன். கட்டினவகிட்டயே பொய். பொழுது சாஞ்சதும் சொல்லிடலாம்னு பார்த்தேன். விருந்தாளிங்க போகலை. எல்லாரும் என் கிண்ணத்துல ஊத்தறாங்க. நானும் குடிச்சேன். குடிச்சுட்டு அப்படியே விழுந்துட்டேன். இன்னிக்குக் காலையிலதான் அவகிட்ட விஷயத்தைச் சொல்லி, டாக்டரைக் கூட்டிட்டு வான்னு அனுப்பிட்டு, நேரா இங்க வந்தேன்.

— இரு, இரு. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு கேக்கணும். அடுப்பு. மோச்சிக்கு அரிசி வெந்த நெருப்பும் அம்மா அறையில இருந்த நெருப்பும் ஒண்ணா? உண்மையைச் சொல்லு. நெருப்புல தீட்டு ஒட்டினா அது உப்புத் தூவினாலும் போகாது.

— அதுல மட்டும் நான் தப்பு பண்ணலை. சாமி அடுப்பை அப்பத்தான் புதுசா மூட்டியிருந்தேன். சாவு அறைக் கனலும் சாமி கனலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அம்மா பக்கத்துல இருந்த கணப்பை அந்த நிமிஷமே தூக்கிட்டுப் போய், கனலைப் பின்பக்கம் பனியில கொட்டினேன்.

— அப்பாடா! அந்தப் புத்தியாவது இருந்துதே. அதுவரைக்கும் நல்லது.

— ஜன்னலையும் ஒரு முழம் திறந்து வெச்சேன். வாடை வந்துடக்கூடாதேன்னு.

— ம்.

— சந்தன வத்தி ஒண்ணு கொளுத்தலை. மணம் வெளியில போகும்ல? முகத்துமேல வெள்ளைத் துணி போட்டேன், அது மட்டும்தான். சாமி மாடத்துமேல வெள்ளைக் காகிதம் ஒட்டி மூடணும், ஒட்டலை. உதட்டை ஒரு சொட்டுத் தண்ணி தொட்டு நனைக்கணும். பெத்த பிள்ளை செய்யற முதல் காரியம் அது. அதுகூடச் செய்யலை, ஷுன். ஊருக்கெல்லாம் குடம் குடமா சாக்கே ஊத்தினேன். அம்மா உதட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

— போதும்டா.

— இன்னிக்குக் காலையில போய்ப் பார்த்தா, அந்தத் துணிகூட முகத்துல இல்லை. தலையணைக்குக் கீழே விழுந்து கெடந்துது.

— ஜன்னல் காத்தா?

— பூனையா இருக்கும். ஜன்னல் வழியா வந்திருக்கும். பொணத்துகிட்ட பூனை வரக்கூடாதுன்னு நெஞ்சுமேல கத்தி வைக்கணும், அதையும் வைக்கலையே. எடுத்துத் திரும்ப மூடினேன். முகத்தைப் பார்க்கலை. பார்க்கற யோக்கியதை எனக்கு இல்லை. கண்ணை மூடிக்கிட்டே மூடினேன்.

— நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நேத்து உன் வாசல்ல உப்புத் தூவும்போது கேட்டேன், ‘அம்மா எங்கடா?’ன்னு. ‘சளி’ன்னே.

— ஆமா.

— உன் கண்ணைப் பார்த்தேன். ஏதோ சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அம்மா சளிக்கெல்லாம் படுக்கற ஆளா? அன்னிக்குப் பார்த்து, வாசலுக்கு வராம இருப்பாங்களா? உள்ள போய்ப் பார்க்கணும்னு ஒரு காலை எடுத்துக்கூட வெச்சேன். வெளியில ஊரே நிக்குது. மேளக்காரன் அவசரப்படுத்தறான். நான் உள்ள போனா என்ன பார்ப்பேனோ, திருவிழா நின்னுடுமோன்னு பயம். காலைப் பின்னால எடுத்துட்டு ‘கெளம்பலாம்’னு கத்தினேன். இந்தா பாரு, உன்னை மனுஷனான்னு கேட்டேனே, அதை என்னையும் சேர்த்துக் கேட்டுக்கணும்.

— நீ எதுக்குடா...

— சும்மா இரு. இப்ப என்ன பண்ணலாம்னு சொல்லு. டாக்டரை நேத்து ராத்திரின்னு எழுதச் சொல்லலாம். காரியம் பண்ண வர்ற மேட்டுக் கோயில் பிக்குகிட்டயும் அதையே சொல்லலாம். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. நானும் வாயைத் திறக்க மாட்டேன்.

— சாமிக்கு?

— அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

— தப்பா நினைக்காதே, ஷுன். எனக்கு அது வேண்டாம். ஊருக்குத் தெரிஞ்சா அவமானம். சாமிக்குத் தெரிஞ்சு, ஊருக்குத் தெரியாம இருந்தா, தினம் தினம் அவமானம். அப்பா ஒரு பாவமும் பண்ணாமலே தலைகுனிஞ்சு நடந்தார். நான் பண்ணிட்டு நிமிர்ந்து நடக்கறதா? கிசாபுரோ வீட்டுக்குப் போய் தரையில தலை வெச்சுக் கும்பிடறேன். அப்புறம் மத்த வீடுங்க. அவங்க எங்களை ஊரை விட்டே விலக்கட்டும்.

— விலக்க மாட்டாங்க. ஆனா உங்க வீட்டுக்கு முறை இனிமே வராது. உன் பிள்ளைக்கும் வராது. தெரியும்ல?

— தெரியும்.

— சரி. நானும் வரேன். சாமிப் பெட்டியை ஆத்துல எறக்கிச் சுத்தம் பண்ணணும், முப்பத்தெட்டு வீட்டுக்கும் உப்புத் தூவணும். இந்தப் பனியில இடுப்பளவு தண்ணியில நிக்கப் போறது நான்தான். அட, நீயும் நில்லு. ரெண்டு பேரும் சேர்ந்து சாவோம்.

— ஷுன்... சைக்கிள் மணி கேக்குது.

— அந்த ஓட்டைச் சைக்கிளேதான். என்ன டாக்டர், பனியில சறுக்கி விழுந்துடாதீங்க! மெதுவா!

— என்னத்தைச் சொல்ல, பூசாரி. இந்த மேடு ஏறறதுக்குள்ள என் நெஞ்சு வெளியில வந்துடும்போல இருக்கு. தொமே, நீ இங்க இருக்கேன்னு ஹத்சுயோ சொன்னா. பாவம், அழுது அழுது அதுக்குமேல அவளுக்குப் பேச்சே வரலை.

— டாக்டர், நான் எல்லாத்தையும் பூசாரிகிட்டச் சொல்லிட்டேன். நீங்க மறைச்சு எழுத வேண்டாம். உள்ளது உள்ளபடி, நேத்து விடியக்காலைன்னே எழுதிடுங்க.

— நேத்தா? யாரு சொன்னா?

— நான்தான் பார்த்தேன், டாக்டர். நெத்தி ஜில்லுனு, மூச்சு இல்லாம...

— என்னத்தைச் சொல்ல! வயசானவங்க உடம்பு அப்படித்தான்டா. நாடி உள்ள போய் ஒளிஞ்சுக்கும். மூச்சு நூல் மாதிரி ஓடும். எனக்கே காதை வெச்சாத்தான் கேக்கும், உன் கைக்கா தெரியப் போகுது? நான் போகும்போது அக்குள்ல இன்னும் சூடு இருந்துது. விரலெல்லாம் நல்லா மடங்குது. இன்னிக்கு விடியற நேரத்துலதான் போயிருக்காங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

— இன்னிக்கா? டாக்டர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நேத்து முழுக்க உயிரோடதான் இருந்தாங்களா?

— ஆமாங்கிறேன்ல, பூசாரி. நாப்பது வருஷமா இந்த ஊர்ச் சாவை நான்தானே பார்க்கிறேன்?

— தொமே! டேய்! கேட்டியா? நேத்து உன் வீட்டுல சாவே இல்லைடா! சாமிக்குத் தீட்டு இல்லை! மோச்சிக்குத் தீட்டு இல்லை, கிசாபுரோ வீட்டுக்கும் இல்லை! நீ சுத்தமாத்தான்டா தூக்கியிருக்கே! ஒரு வீட்டு வாசல்லயும் நீ தலை குனிய வேண்டாம்! ஏன்டா இப்படிப் பார்க்கிறே? டேய், ஏன் உக்காந்துட்டே? பனிடா அது, எழுந்திரு!

— அவனை விடுங்க, பூசாரி. பெத்தவளைப் பறிகொடுத்தவன், அழட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பிடிபடலை. வயசு மட்டும் அவங்களைக் கொண்டுபோகலை. குளிருதான் கொண்டுபோயிருக்கு. போர்வையை ரெண்டு கையாலயும் கழுத்து வரைக்கும் இழுத்துப் பிடிச்சபடி இருந்தாங்க. ஏன் தொமே, இந்தப் பனியில அந்த ஜன்னலைத் திறந்து வெச்சு, அவங்க பக்கத்துல இருந்த கணப்பையும் எடுத்துட்டுப் போனது யாரு?