ஒரு பக்கம் மட்டும் உடையும் கதவு

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்காகச் சண்டை வந்ததே இல்லை. எனக்கும் என் மனைவிக்கும் பிடித்த நாயகன் ஒருவனே: வயிரத்தோளன். அவளுக்கு அவன் படக்கதைப் புத்தகத்தில் வருகிறவன். எனக்குத் தொலைக்காட்சித் தொடரில் வருகிறவன். இந்தச் சிறு வேறுபாட்டைத்தான், ஐயா, நீங்கள் உங்கள் கோப்பில் குடும்பத் தகராறு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எங்களுக்குப் பொருந்தாது. பதினான்கு ஆண்டுகளில் நாங்கள் ஒருவரோடொருவர் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

அவள் தையல்காரி. தைக்கும் அறையின் ஒரு மூலையில் வயிரத்தோளன் படக்கதைகளை ஆண்டுவாரியாகக் கட்டி அடுக்கியிருந்தாள். நான் படப்பிடிப்புத் தளத்துத் தச்சன். தொடர் ஓடிய பதினொரு ஆண்டுகளும் அதற்குக் கதவுகள் செய்தவன். வயிரத்தோளன் பறக்க மாட்டான், துப்பாக்கி தூக்க மாட்டான். யாரோ ஓர் அறைக்குள் ஆபத்தில் சிக்கியிருப்பார்கள். இவன் தோளால் இடித்துக் கதவைப் பிளந்துகொண்டு நுழைவான். வாரம் ஒரு கதவு. ஐந்நூறுக்கு மேல் செய்திருப்பேன்.

அதில் ஒரு நுட்பம் உண்டு. மென்மரப் பலகையின் உட்புறத்தில், அதாவது பார்வையாளர் காணாத பக்கத்தில், முக்கால் ஆழத்துக்கு மெல்லிய வாளால் கீறல்கள் போடுவேன். மரத்தூளும் மெழுகும் கலந்து பூசி, மேலே வண்ணம் அடித்துவிடுவேன். வெளியிலிருந்து இடித்தால் கீறல்கள் வாய் பிளக்கும், கதவு தூளாகும். உள்ளிருந்து தட்டினால் அதே கீறல்கள் வாயை மூடிக்கொள்ளும், கதவு அசையாது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தட்டி நடிக்கலாம். இதைக் கண்டுபிடித்தவன் நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

மூன்றாம் ஆண்டில் யாரோ கவனக்குறைவாக உண்மையான கதவொன்றைப் பொருத்திவிட, நாயகனாக நடித்தவருக்கு, தளத்தில் நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு, தோள்பட்டை இறங்கிவிட்டது. அதன் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். இயக்குநர் எத்தனை முறை கத்தினாலும் ஓட மாட்டார். என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் "தயார் அண்ணே" என்ற பிறகே ஓடிவந்து இடிப்பார். எட்டு ஆண்டுகள் அந்தத் தோள் என் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தது.

தொடர் நின்றது. அண்ணன் எங்கள் குடியிருப்பிலேயே மேல்மாடியில் இருந்தார். ஒரு காலத்தில் அவருக்காக மின்தூக்கியைப் பிடித்து வைத்துக் காத்திருந்த அதே மனிதர்கள், இப்போது, "சார், கொஞ்சம் நகருங்க, சோஃபா ஏத்தணும்" என்றார்கள். ஞாயிறுதோறும் தேநீருக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். என் மனைவி அவரை விடமாட்டாள்.

"அண்ணே, எங்க அலமாரிக் கதவு இறுகிப்போச்சு. ஒரு இடி இடிச்சுக் குடுங்களேன்."

"தம்பி தயார்னு சொல்லட்டும்மா, இடிச்சுடலாம்."

மூவரும் சிரிப்போம். அவர் போனதும் அவள் என் பக்கம் திரும்புவாள்.

"பாத்தீங்களா, அவரே ஒத்துக்கறாரு. புத்தகத்துல வர்றவன்தாங்க நிஜமான வயிரத்தோளன். அவனுக்கு யாரு கதவு செஞ்சு குடுத்தா?"

நான் கோபப்படவில்லை. கூர்மையான கேள்வி என்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் அவள் வாதத்தில் ஓர் இடைவெளி இருந்தது. வலிமை மட்டும் ஒருவனை நாயகனாக்குவதில்லை. அவனுக்கு வாய்க்கும் ஆபத்துதான் ஆக்குகிறது. அண்ணனுக்கு அப்படியொரு ஆபத்தை வாழ்க்கை தரவே இல்லை. சோதித்துப் பாராமல் ஒரு மனிதரைப் பொய் என்று தீர்ப்பளிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

தையல் அறைக் கதவு உப்பிப்போய்விட்டது என்று சொல்லி, புதிதாக ஒன்று செய்து மாட்டினேன். அழகாக இருக்கிறது என்று அவள் கையால் தடவிப் பார்த்தாள். நான் நன்றாக வேலை செய்தால் அவள் வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். அது அவளிடம் உள்ள நல்ல குணம்.

மதிய உணவுக்குப் பின் அந்த அறையில் அரை மணி நேரம் கண்ணயர்வாள். வியாழக்கிழமை அவள் உறங்கியதும், தகரத் தட்டொன்றில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு உள்ளே வைத்தேன். தீக்காட்சி அமைப்பவரிடம் பார்த்துக் கற்றது. தீ குறைவு, புகை அதிகம். படக்கதைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தது ஏன் என்று கேட்டீர்கள். அங்கேதான் இடம் இருந்தது. சன்னலைச் சாத்தி, வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படியில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"அண்ணே, நெருப்பு. அவ உள்ள மாட்டிக்கிட்டா."

அவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். எங்கள் நடையில், கதவிலிருந்து சரியாக ஆறடி தள்ளி நின்றார். வலத்தோள் தாழ்ந்தது. இடக்கால் பின்னே போனது. பதினொரு ஆண்டுகள் பார்த்த அந்த நிலையைக் கண்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, தயாரா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அது நான் செய்துகொடுத்த இன்னொரு கதவாகத்தான் ஆகியிருக்கும். அவள் வாதம் வென்றிருக்கும்.

அவள் விழித்துக்கொண்டாள். முதலில் இருமல் கேட்டது. பிறகு, "என்னங்க, இருக்கீங்களா? கதவைத் திறங்க" என்றாள். தையல் இயந்திரத்து முக்காலியை எடுத்து அடித்தாள் போலிருக்கிறது. கதவு அசையவில்லை. சுருக்கமாகச் சொன்னால், நன்றாகச் செய்திருந்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லுப்பா," என்றார் அண்ணன். அவர் கால்கள் நடுங்கின. அச்சம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அது கவனக்குவிப்பு. அந்த நிலையில் அவர் நின்றது நான்கு நிமிடம் இருக்கும். சாவியை எடுக்க எனக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்டீர்கள். தோன்றியது. இரண்டு முறை. ஆனால் சோதனையின் நடுவில் விடையை எடுத்து நீட்டுவது முறையாகாது.

அப்போதுதான் எதிர்வீட்டுக் குழாய்க்காரர் வந்தார். குட்டையான மனிதர், தொப்பை உண்டு, ஒரு கையில் பாதி தின்ற வாழைப்பழம். "தள்ளுங்கய்யா, ரெண்டு பேரும் சிலை மாதிரி நின்னுக்கிட்டு" என்று சொல்லிக் காலால் ஓர் உதை விட்டார். கதவு இவ்வளவு எளிதில் விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தாமும் அதன் மேலேயே குப்புற விழுந்தார். வேறொரு நாளாக இருந்தால் என் மனைவி சிரித்திருப்பாள். அவர் தவழ்ந்தே போய் அவளை இழுத்து வந்தார். மருத்துவமனை வாசலை எட்டுமுன் அவள் மூச்சு நின்றுவிட்டது. புகைதான் காரணம் என்றார்கள். உடலில் ஒரு தீக்காயம்கூட இல்லை.

அண்ணன் இதில் எதையும் அறியார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். கதவைச் செய்தவன் நான், தீ வைத்தவன் நான், பூட்டியவன் நான். சாவி கையில் இருக்க, அவள் என்னைக் கூப்பிடக் கூப்பிட நின்றவனும் நானே. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வேறு யாரையாவது அந்த அறையில் வைத்திருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். முன்பின் தெரியாத ஒருவரின் உயிரோடு விளையாட எனக்கு உரிமை ஏது?

என் மனதில் ஒரே ஒரு குறைதான் இருக்கிறது. தெருவில் எல்லாரும் அந்தக் குழாய்க்காரரை இப்போது வயிரத்தோளன் என்று கூப்பிடுகிறார்களாம். அவர்மேல் எனக்குப் பகை இல்லை; ஆனால் அவர் அவசரப்பட்டுவிட்டார். இன்னும் ஒரே ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், அண்ணன் தாமாகவே இடித்திருப்பார்.