நின்று சொன்ன சொல்லும் உட்கார்ந்து சொன்ன சொல்லும்

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலியரே, கதவுக்கு உள்ளே கண்விழித்துக் காத்தவரே, கதவுக்கு வெளியே கலங்கிக் கிடந்தவர்களுக்குக் கலப்படமில்லாத சொல்லைக் கொண்டுவந்து கொடுத்தவரே, எங்கள் சிஸ்டரம்மா அவர்களே, வணக்கம்.

பணி நிறைவு பெறும் உங்களைப் பொன்னே, மணியே என்று போற்ற ஆளுக்கொரு வரி எழுதி வைத்திருந்தோம். அதையெல்லாம் கேட்ட, பிரிவின் வாசலில் காவல் இருக்கும் நம் கதவுக்காரர், "இதை எந்த சிஸ்டரம்மாவுக்கு வேணாலும் படிக்கலாமே" என்று ஒரே போடாகப் போட்டார். அதில் நியாயம் இருந்தது. உள்ளே இருந்த நாங்கள் உங்கள் கைகளைத்தான் பார்த்தோம். வெளியே போய் நீங்கள் பேசியதைப் பார்த்தவர் அவர்தான். ஆகவே அவர் கண்டதையே உங்களுக்கு மாலையாகப் போடுகிறோம்.

கதவுக்காரர் யாரையும் லேசில் நம்புகிறவர் அல்ல. பார்வை நேரம் முடிந்தபின் "டாக்டர் வரச் சொன்னார்" என்று வருகிறவரை நம்பமாட்டார். அந்த டாக்டரையும் நம்பமாட்டார். இன்றைக்கு 'சீரியஸ்', நாளைக்குக் 'கிரிட்டிக்கல்' என்று டாக்டர்கள் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டு, "ஒரே பயத்துக்கு ரெண்டு பேரு வச்சிருக்காங்க" என்று வராந்தா பெஞ்சில் காத்திருக்கும் உறவினர்களிடமே சொல்லிவிடுவார்.

ஒருநாள் அது உங்கள் காதில் விழுந்தது. அவரை ஓரமாக அழைத்தீர்கள்.

"ரெண்டும் ஒண்ணு இல்லண்ணே. சீரியஸ்னா நோய் பெருசு, ஆனா கையில நேரம் இருக்கு. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வரலாம். கிரிட்டிக்கல்னா எந்த நிமிஷம் எந்தப் பக்கம் சாயும்னு தெரியாது. பாக்க வேண்டியவங்க வந்துடணும். மாத்திச் சொன்னா யாராவது ஒருத்தர் வராமலே போயிடுவாங்க."

"நல்லாத்தான் பேசுறீங்க" என்றார் அவர். நம்பவில்லை.

ஆனால் கவனிக்கத் தொடங்கினார். சீரியஸ் என்றால் மாஸ்க்கை இறக்கிவிட்டு நின்றபடி சொல்வீர்கள். கிரிட்டிக்கல் என்றால் அவர்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சொல்வீர்கள். அந்தச் சொல்லை நின்றபடி சொன்னால், சொல்லிவிட்டு ஓடுகிற மாதிரி இருக்குமாம். பெஞ்சில் கிடப்பவர்களுக்கு இது சீக்கிரமே புரிந்துவிடும். நீங்கள் நின்றால் மூச்சு விடுவார்கள்.

அதனால்தான் அந்த வராந்தாவில் நீங்கள் இளைப்பாற ஒருமுறையும் உட்கார்ந்ததில்லை. "கால் வீங்கிக் கெடக்கு, கொஞ்சம் உக்காந்தாத்தான் என்னவாம்" என்று கதவுக்காரர் கடிந்துகொண்டபோது, "நான் உக்காந்தா எதிர்ல இருக்கறவங்களுக்கு உசிரே போயிடும்ணே" என்றீர்கள்.

பிறகு அவருடைய மனைவியே உள்ளே வந்து படுத்தார்.

காலையில் டாக்டர் சீரியஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். மகளுக்குச் சொல்லுங்கள் என்றோம். வெளியூரில் கைக்குழந்தையோடு இருப்பவள். தாயோடு பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. "சீரியஸ்தானே. நேரம் இருக்குன்னு சிஸ்டரே சொல்லியிருக்காங்க. இவ கொஞ்சம் தேறட்டும், அப்ப வந்தா ரெண்டு பேரும் சண்டை போடாம பேசுவாங்க" என்றார். வாழ்நாளில் முதன்முறையாக ஒருவர் சொல்லை நம்பி உட்கார்ந்திருந்தார், கதவோரம் தன் ஸ்டூலில்.

நண்பகலில் நீங்கள் வெளியே வந்தீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினீர்கள்.

"நின்னே சொல்லுங்க" என்றார்.

"வாங்கண்ணே."

"நின்னு சொல்லும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

நீங்கள் எழவில்லை. "காலையில இருந்தது வேற. இப்ப கிரிட்டிக்கல். பொண்ணைக் கூப்பிடுங்க. நம்பரைக் குடுங்க, நானே போட்டுத் தரேன்."

மகள் வந்து சேர்ந்தபோது பார்வை நேரம் முடிந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டவர் அவரேதான். மறுநாள் காலை அந்த அம்மாள் போய்விட்டார். "ஒரு வார்த்தை பேசிக்கல. தொண்டையில குழாய், எங்க பேசுறது. ஆனா பொண்ணு கையைப் பிடிச்சவ கடைசிவரைக்கும் விடல" என்று மட்டும் எங்களிடம் சொன்னார். அதற்குப் பின் அந்த இரண்டு சொற்களைப் பற்றி அவர் கேலி பேசியதில்லை. புதிதாக வருகிறவர்களிடம், "டாக்டர் சொன்னது இருக்கட்டும். சிஸ்டர் நிக்கறாங்களா, உக்கார்றாங்களான்னு பாருங்க" என்பார்.

நாளை அந்தக் கதவைத் திறந்துகொண்டு வேறொருவர் வருவார். நல்லவராகவே இருப்பார். அவர் நின்றாலும் உட்கார்ந்தாலும் அதற்கு என்ன பொருள் என்று பெஞ்சில் இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. எங்களை வாட்டுவது இதுதான்.

எல்லாருடைய நேரத்தையும் எண்ணிக் காத்த அம்மையே, உங்கள் நேரம் நீண்டு, நிறைந்து, நோயின்றி நடக்கட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மடலை நாங்கள் படித்து முடிக்கும்வரை நீங்கள் நின்றுகொண்டுதான் இருப்பீர்கள் என்று கதவுக்காரர் அடித்துச் சொல்கிறார். மேடையில் உள்ள நாற்காலியைத் துடைத்துப் போட்டவர் அவர்தான். உட்காருங்கள் அம்மா. எதிரில் இருக்கும் எங்களில் யாருக்கும் இன்று உள்ளே ஆள் இல்லை.

உங்களைப் பிரிய மனமில்லாத
தீவிர சிகிச்சைப் பிரிவு ஊழியர்கள்,
கதவுக்காரர் உட்பட