யெமாயாவுக்குத் திருப்பாத தாளம்

மிக்தாலியா: ...அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சாமி இறங்கினவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

எவெலியோ: ஒண்ணுமேவா?

மிக்தாலியா: ஒண்ணுமே. காலையில எழுந்தா கால் வலி. நீலப் பாவாடை முழுக்கக் கரும்புப் பாகு. அவ்வளவுதான்.

எவெலியோ: ஒரு கிண்ணம் பாகையும் நீயே குடிச்சே.

மிக்தாலியா: நான் குடிக்கலை. யெமாயா குடிச்சா.

எவெலியோ: ஆமாமா... கடல்தாயி குடிச்சா. ரெக்லா ஊரே பார்த்துச்சு. ஹவானாவுலேருந்து லாஞ்சு பிடிச்சு வந்தவங்களும் பார்த்தாங்க.

மிக்தாலியா: என்ன இழுக்கிறே? பொண்டாட்டி மேல சாமி வந்தா புருஷன் சந்தோஷப்படணும். அந்த வாழைக்காயைத் திருப்பிப் போடு, கருகுது.

எவெலியோ: போடுறேன். அவ என்ன சொன்னான்னாவது தெரியுமா?

மிக்தாலியா: பக்கத்து வீட்டு ஒடிலியா சொன்னா. "இந்த வீட்டுலேருந்து யாரும் படகு ஏறக் கூடாது, ஏறினா திருப்பித் தர மாட்டேன்"னு சொன்னாளாம். கேட்டு எனக்கே உடம்பு சிலிர்த்துருச்சு.

எவெலியோ: உனக்கே!

மிக்தாலியா: எனக்கேதான்.

யோஸ்வானி: அக்கா! காபி இருக்கா?

மிக்தாலியா: வா தம்பி. அடுப்புல இருக்கு, ஊத்திக்கோ. மச்சானுக்கும் ஊத்து.

யோஸ்வானி: முடிச்சாச்சுக்கா. படகுலேருந்து இஞ்சினைக் கழட்டிட்டேன். மயாமிக்குத் தப்பிப் போறதும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

எவெலியோ: எப்போடா!

யோஸ்வானி: விடிஞ்சதும். ஏன் மச்சான் அலர்றீங்க?

எவெலியோ: அலறலை... எண்ணெய் தெறிச்சுருச்சு. கூட வர்றதா இருந்தவங்க ஒத்துக்கிட்டாங்களா?

யோஸ்வானி: கடல்காரியே வேண்டாம்னு சொன்னப்புறம் எவன் ஏறுவான்? ஒருத்தர் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கார். சரியாயிடுவார்... இல்லையா மச்சான்?

மிக்தாலியா: யாருடா அந்த ஒருத்தர்?

யோஸ்வானி: உனக்குத் தெரியாதுக்கா. காபி பிரமாதம், வர்றேன்!

எவெலியோ: கதவைச் சாத்து.

மிக்தாலியா: பட்டப்பகல்ல எதுக்கு?

எவெலியோ: சாத்துடி. ...நேத்து உன் மேல யெமாயா வரலை.

மிக்தாலியா: வாயைக் கழுவு! நீ என்ன பூசாரியா? மேளக்காரன்.

எவெலியோ: மேளக்காரன்தான். அதனாலதான் தெரியும். சின்ன மேளமும் நடு மேளமும் யாரைப் பார்த்து அடிக்கும்?

மிக்தாலியா: தாய் மேளத்தை.

எவெலியோ: தாய் மேளம் யார் மடியில இருந்துச்சு?

மிக்தாலியா: உன் மடியில. அதுக்கென்ன?

எவெலியோ: அவ வர்ற நேரம் தாய் மேளம் தாளத்தைத் திருப்பணும். அலை திரும்புற மாதிரி. அப்போதான் மத்த ரெண்டும் வேகம் எடுக்கும், அவளும் இறங்குவா. நான் திருப்பவே இல்லை. பாட்டுக்காரர் கண்ணாலயே கெஞ்சினார். நடு மேளக்காரன் முறைச்சான். நான் ஒரே அடியிலேயே நின்னேன். கூட்டம் பாடின சத்தத்துல வேற யாருக்கும் தெரியலை. ஆனா நீ சுழல ஆரம்பிச்சுட்டே!

மிக்தாலியா: அதான் பார்த்தேன்... என்ன இவன் இந்த இழுப்பு இழுக்கிறானேன்னு.

எவெலியோ: ஞாபகம் இருக்கு போல!

மிக்தாலியா: ...சீ.

எவெலியோ: அவ பேரைச் சொல்லி, அவ பாவாடையைக் கட்டிக்கிட்டு... பொய்யா ஆடினே.

மிக்தாலியா: ஆமா, ஆடினேன். அவகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். நீ ஏன் தாளத்தைத் திருப்பலை?

எவெலியோ: கை வலி.

மிக்தாலியா: மத்த சாமிக்கெல்லாம் வலிக்காத கை, யெமாயாவுக்கு மட்டும் வலிச்சுதா?

எவெலியோ: விடேன்...

மிக்தாலியா: சடங்கு பண்ணின மேளத்தை மடியில வச்சுக்கிட்டு, சாமியை வர விடாம அடிச்சிருக்கே. மத்த மேளக்காரங்களுக்குத் தெரிஞ்சா இனிமே அதைத் தொட விடுவாங்களா?

எவெலியோ: அவ வந்தா எல்லார் முன்னாடியும் உண்மையைப் போட்டு உடைப்பா.

மிக்தாலியா: என்ன உண்மை?

எவெலியோ: உன் தம்பி கிளம்பறது...

மிக்தாலியா: அது தெரு நாய்க்கும் தெரியும். வேற?

எவெலியோ: வேற ஒண்ணுமில்லை! பேச்சை மாத்தாதே. இப்பவே போய் யோஸ்வானிகிட்டச் சொல்றேன். பேசினது யெமாயா இல்லடா, உங்க அக்கான்னு. மறுபடி இஞ்சினை மாட்டட்டும்.

மிக்தாலியா: சொல்லு. போ.

எவெலியோ: நிஜமாவே சொல்லிருவேன்.

மிக்தாலியா: தாராளமா. அவன் போகட்டும். நானே ரொட்டி கட்டிக் கொடுக்கிறேன்.

எவெலியோ: என்னடி குழப்புறே? தம்பியைத் தடுக்கத்தானே அந்த ஆட்டம் ஆடினே?

மிக்தாலியா: அவன் இந்தத் துறைமுகத்தை அக்கரை வரைக்கும் நீந்துறவன். படகுல அவன் பக்கத்துல இடம் போட்டு வச்சிருந்த ஆளுக்குத்தான், எவெலியோ, நீச்சல் தெரியாது.