தேரன்று ஏறிய பழைய நம்பர்கள்

எனக்கு ஊசி என்றால் பயம் கிடையாது, சார். பதினோரு தடவை ரத்தம் கொடுத்திருக்கிறேன். ஓ நெகட்டிவ். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் சேர்த்து எங்கள் ரத்ததானச் சங்கத்தில் அந்த குரூப் நான்கே பேர்தான்.

இந்தத் தொண்ணூற்றொன்பதில் சங்கத்துக்கு நான்தான் வெப்சைட் போட்டேன். பெயர் இருக்காது, குரூப்பும் போன் நம்பரும் மட்டும். கொடுப்பவர் வீட்டில் போய் யாரும் நிற்கக் கூடாது என்று சங்கத்தில் முடிவு.

சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த மதுரைக் கம்பெனி மாதம் ஒருமுறை அதைப் புதுப்பித்து அனுப்பும், நான் ஏற்றுவேன். அதில் ஒரு கோளாறு. ஏற்றியதும் லிஸ்ட் அவர்களிடம் இருக்கும் பழைய லிஸ்டாகிவிடும். புது எக்ஸ்சேஞ்ச் வந்து ஊரில் எல்லா நம்பரும் மாறிய வருஷம் இது. அதனால் நான் ஏற்றும்போதெல்லாம் செயலாளர் ஐயாதுரை அண்ணாச்சி நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து திருத்தச் சொல்வார். ஒவ்வொரு நம்பருக்கும் போன் போட்டும் பார்ப்பார். பட்டாளத்தில் இருந்தவர்.

பொன்னுராஜ் என்னோடு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவன். கிருபாபாய் அங்கே படிக்க வந்தவள். கட்டிக்கொள்கிறாயா என்று முதலில் கேட்டது நான். "போங்க சார்" என்று சிரித்தாள். ஆறு மாதத்தில் அவனைக் கட்டிக்கொண்டாள். அவளும் ஓ நெகட்டிவ். கேம்ப்பில் அவள் ரத்த குரூப் கார்டை அடித்தது நான்; கொடுப்பவர் லிஸ்டில் அவள் கிடையாது.

ஆடிப்பூரத் தேருக்குச் சில நாள் முன்னால் பொன்னுராஜ் அண்ணாச்சியிடம் வந்து, தேரன்று அவளுக்குப் பிரசவ ஆபரேஷன் என்று சொன்னபோது நானும் இருந்தேன். "ஆஸ்பத்திரில ஒரு பாட்டில்தான் இருக்காம் அண்ணாச்சி."

"லிஸ்டுல நாலு பேரு இருக்காவள்லா. பயப்படாதடே."

அன்று சாயங்காலமே, புதுப்பிப்பது தானாக நடக்கும்படி வைத்தேன். தேரன்று காலை ஒன்பது மணி.

"தானா ஏறிக்கிடுமா? அப்ப நம்பரு?" என்றார் அண்ணாச்சி.

"அதயும் சரி பண்ணியாச்சு. நீங்க நிம்மதியா வடத்தப் பிடிங்க."

"எனக்கு வேல போச்சுன்னு சொல்லுத. பட்டாளத்துலயாவது பென்சன் குடுத்தாம்லே."

நானும் சிரித்தேன். நம்பரைச் சரி பண்ணவில்லை. தெரிந்துதான்.

பதினோரு மணிக்கு அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. பொன்னுராஜ் வெப்சைட் லிஸ்டைப் பார்த்து நான்கு நம்பருக்கும் மாறி மாறிப் போட்டிருக்கிறான். ஒன்று அரிசிக் கடைக்குப் போயிருக்கிறது. மற்ற மூன்றும் அடிக்கவே இல்லை. பிறகு தேர்க்கூட்டத்துக்குள் ஓடி அண்ணாச்சியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பிள்ளை மட்டும் பிழைத்தது.

அன்றைக்கு நான் கம்ப்யூட்டரில் ஒரு கீயையும் தொடவில்லை, சார். அந்த நான்கில் ஒன்று என் நம்பர்; பெயர் இல்லாததால் பொன்னுராஜுக்கு அது தெரியாது. வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்று காலையிலேயே நன்றாகச் சாப்பிட்டேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷம். இதையும் ஸ்டேட்மெண்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை.