மருதமரம் எதையும் பொருந்திக்கொள்ளவில்லை

வாய்க்காலுக்குள் ஓடுகிறேன். தண்ணீர் முழங்காலுக்கு மேலே. சேலை காலைச் சுற்றுகிறது. மேற்கே 'தும்' என்கிறது. ஏழு எண்ணுவதற்குள் தலைக்கு மேலே துணி கிழிகிற சத்தம். நிலம் குதிக்கிறது.

"குந்துங்க! வரம்போட குந்துங்க!"

கத்தியது என் தம்பி ஹனீபா. அவன் குந்தவில்லை.

வேளாண்மை வெட்டுக் காலம். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. அட்டாளைச்சேனைக்கு மேற்கே, எங்கள் வயலில் மூன்று பேர் நின்றோம். நான், என் கணவர் இஸ்மாயில், தம்பி. அடித்தது யார் என்று இன்றுவரை எவரும் சொன்னதில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் எங்கள் நெல் விளைந்திருந்தது. அவ்வளவுதான் எங்கள் குற்றம்.

இரண்டாவது ஷெல் வாய்க்கால் கரையிலிருந்த மருதமரத்தில் பட்டது. அதன் அடியில் நின்றுதான் என் கணவர் எனக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரும்போது நான் வெட்டாத நெல்லுக்குள் கிடந்தேன். பின்நேரம் அஸர் வரை கிடந்தேன். தம்பியின் குரல் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டது. "ராத்தா." பிறகு கேட்கவில்லை. நான் எழும்பிப் போகவில்லை. இதை நான் எவரிடமும் மறைத்ததில்லை.

பொழுதுபட்டு மஃரிபு ஆவதற்கு முன் ஊரார் வந்து கணவரின் உடலை வண்டிலில் ஏற்றினார்கள். தம்பி நின்ற இடத்தில் அவன் உடுத்திருந்த சாரத்தின் துண்டு மட்டும் கிடந்தது. மறுநாள் வயலுக்குப் போகும் பாதையை மூடினார்கள். வருடக்கணக்காக மூடியே கிடந்தது.

இப்போது ஷெல் இல்லை. இப்போது பயிற்சி இருக்கிறது.

போன மாதம் எங்களை வேனில் ஏற்றினார்கள். போரில் ஆட்களை இழந்த பெண்கள் பதினொரு பேர். மனதை ஆற்றும் பயிற்சியாம். ஆளுக்கொரு தொப்பி, ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு பேனை. பயிற்சி தருபவள் கொழும்பிலிருந்து வந்த இளம்பெண். வேன் நின்ற இடம் அதே வாய்க்கால் கரை. அழகாக இருக்கிறதென்று தெரிவுசெய்தார்களாம். கொக்கு நிற்கிறது, நெல் பச்சையாக இருக்கிறது, போதாதா? இங்கே என்ன நடந்தது என்று எவரும் கேட்கவில்லை.

நெல்லைக் காட்டினாள். காற்றுக்கு வளைந்து கொடுக்கிறதாம். அதனால் முறிவதில்லையாம். வளைந்த நெல்லை அடுத்து என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நான் வெட்டியவள். எனக்குத் தெரியும்.

பிறகு மருதமரத்தைத் தடவினாள். "இதுக்கும் காயம் பட்டிருக்கு, பாருங்க. ஆனா ஏத்துக்கொண்டு வளர்ந்திருக்கு."

"அது ஏத்துக்கல்ல மகள்," என்றேன். "அதுக்குத் துப்ப ஏலா. உள்ளுக்கு இரும்பு இரிக்கி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதுக்கடியிலதான் எண்ட மாப்புள மௌத்தானவர்."

அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அலுவலைத் தொடங்கினாள். அட்டவணையில் இருந்ததை விடுவாளா? கையில் கடதாசி தந்தாள். மனதைவிட்டுப் போகவேண்டியதை எழுதி வாய்க்காலில் விடவேண்டுமாம்.

கடதாசியைத் திருப்பிக் கொடுத்தேன். "அல்லாஹ்ட கத்ர, அவன் விதிச்சத, நான் எப்பவோ பொருந்திக்கிட்டன். மனிசன் செஞ்சதப் பொருந்திக்கச் சொல்ல நீங்க ஆரு? இந்த மரம் ஆரு?"

பக்கத்தில் தம்பிலுவில் ஊர்ப் பரமேஸ்வரி இருந்தாள். அவளுடைய மகனை வீட்டில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. மகனின் பெயரை எழுதிவிட்டாள். கடதாசியை வாய்க்காலில் விடவில்லை. கையில் இறுகியிருந்தது.

"நான் விடமாட்டன் அக்கா," என்றாள். மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.

"வா," என்றேன்.

வாய்க்காலைக் கடந்தோம். அந்தப் பக்கம் கம்பிவேலி. எங்கள் வயலில் வேறொருவர் விதைத்திருக்கிறார். பரமேஸ்வரி கம்பியைத் தூக்கிப் பிடித்தாள். நான் குனிந்து உள்ளே போனேன். தம்பியின் குரல் வந்த திசைக்கு நடந்தேன். அன்று நடக்காத தூரம். நாற்பது எட்டுக்கூட இல்லை.

"ஆரது? வேளாண்மைக்குள்ள மிரிக்காதீங்க!" வரம்பிலிருந்து ஒருவர் கத்தினார்.

மிதித்துக்கொண்டே நின்றேன். தம்பிக்காகக் கையேந்தி துஆ கேட்டேன். முடியும்வரை அசையவில்லை. அவர் கிட்ட வந்தார்.

"ஆரு நீங்க?"

"இந்தப் பூமிக்காரி."

அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். இது யாருடைய வயல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வேனில் திரும்பினோம். பயிற்சி தந்த பெண் ஒரு படிவம் நீட்டினாள். இன்றைய நாளில் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டிருந்தது. நான் இழந்ததை எழுதினேன். என் கணவர் இஸ்மாயில், முப்பது வயது, ஊர் மையவாடியில் அடக்கம். ஒரு சோடி எருமை. வயலில் கட்டியிருந்த வாடிக் குடிசை. அரைவாசி வெட்டிய நெல். இரண்டரை ஏக்கர் பூமி, உறுதிப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. என் தம்பி ஹனீபா, இருபத்திரண்டு வயது. அடக்கம் செய்த கபுறு இல்லை.